மாதிரி என்றால் ஓட வேண்டாமா?

மணக்காத மல்லிகையும் கூவாத குயிலும் பெயருக்குத்தான் மல்லிகை, பெயருக்குத்தான் குயில். ஓடாத வண்டியும் அப்படித்தான். ஆனால் பள்ளிகளில் நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். தெர்மாகோலில் வெட்டிய பேருந்து, அட்டையில் ஒட்டிய ரயில், ஜிகினாத் தாள் சுற்றிய கார் என்று மேசைக்கு மேசை வண்டிகள் நிற்கும். ஆம், நிற்கத்தான் செய்யும். சக்கரத்தை விரலால் தொட்டால் சுழலாது. பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதிகமாகத் தொட்டால் கையோடு வந்துவிடும். எனினும் பார்வைக்கு அழகாக இருப்பதால் முதற்பரிசு அதற்கே போகும்.

இதைப் பற்றி மாணவியராகிய எங்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை இந்த ஆண்டு மலரின் வழியாக அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் தோழியரிடமும் பணிவுடன் எடுத்துவைக்கிறோம். வண்டியின் மாதிரி என்றால் அது வண்டியைப் போல இருந்தால் மட்டும் போதாது. வண்டியைப் போல வேலையும் செய்ய வேண்டும். அத்தகைய மாதிரியைத் தானே சிந்தித்து வடிவமைக்கும் வாய்ப்பு பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு இன்று கிடைக்கும் மிக நல்ல துணை, சிறு குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கட்டுமானக் கட்டைகளே.

கட்டையின் கதை

'பில்டிங் பிளாக்ஸ்' என்று கடைகளில் கேட்டு வாங்கும் இந்தக் கட்டைகளை அறியாதவர் இல்லை. மேலே குமிழ்கள், கீழே குழிவு. ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனமே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று நாம் காணும் கட்டைக்கு 1958 ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கட்டையின் உட்புறத்தில் குழாய்களை வைத்து, கீழுள்ள கட்டையின் குமிழ்களை அவை இறுகப் பிடிக்கும்படி செய்ததே அதன் சூட்சுமம்.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை எத்தனை விதமாக இணைக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆறே கட்டைகளுக்கு இத்தனை கோடி என்றால், ஒரு பெட்டி நிறைய இருந்தால் மனம் எவ்வளவு தூரம் ஓடலாம்!

வீடு கட்டும் கட்டை வண்டி ஓட்டும் கட்டையாக மாறியது 1977-இல். துளையிட்ட நீண்ட கட்டைகள், அந்தத் துளையில் சுழலும் அச்சுகள், பற்சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்ட புதிய வரிசைப் பெட்டிகளை அவ்வாண்டு லெகோ நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று காரின் அடிச்சட்டம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பும். வண்டியைத் தள்ளினால் இன்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். அதற்கு நெடுநாள் முன்பே, 1901-இல், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி துளையிட்ட உலோகப் பட்டைகளையும் நட்டு போல்ட்டுகளையும் கொண்டு இதே வேலையைச் செய்யும் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதுவே மெக்கானோ. இரும்பானாலும் பிளாஸ்டிக்கானாலும் கருத்து ஒன்றே. பெரிய இயந்திரம் எப்படி இயங்குகிறதோ அப்படியே சிறிய மாதிரியும் இயங்க வேண்டும்.

கல் தேரும் மரத் தேரும்

செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதெல்லாம் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றலாம். உண்மையில் தேரும் வண்டியும் மாதிரியும் நம் மண்ணிலேயே நிறைய உண்டு.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகாத பள்ளி இல்லை. அங்கே பல்லவர் காலத்தில் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்தெடுத்த ஐந்து ரதங்களைக் காண்கிறோம். உலக மரபுச் சின்னமாக 1984-இல் அவ்வூர்ச் சிற்பங்களை யுனெஸ்கோ ஏற்றது. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை போல இருக்கும். பீம ரதத்தின் மேற்பகுதி நீண்ட வண்டிக் கூண்டு போல வளைந்திருக்கும். சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல உருண்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது போலப் பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது. ரதம் என்ற பெயர் பிற்காலத்தார் வைத்தது. மரத்தாலும் ஓலையாலும் அக்காலத்தில் கட்டிய கட்டடங்களைக் கல்லில் காட்டிய மாதிரிகளே அவை என்று அறிஞர்கள் கூறுகின்றனர். உருவத்தைக் காட்டுவது சிற்பியின் நோக்கம். அதில் அவரை வென்றவர் உலகில் இல்லை. அவற்றுக்குச் சக்கரம் கிடையாது, அச்சும் கிடையாது. 1300 ஆண்டுகளாக ஓர் அங்குலமும் நகர்ந்ததில்லை; அதனால் அவற்றின் அச்சு ஒரு நாளும் முறிந்ததில்லை.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அங்கே சித்திரையில் ஓடும் தேர் வேறு வகை. மரத்தால் ஆனது, வடம் பிடித்து இழுத்தால் உருளும். அதற்கு ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டே அதைத் திருப்புகிறார்கள், போட்டே நிறுத்துகிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கத்தில், எந்த நொடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும் என்று அறிந்த அந்தத் தொழிலாளியே தேரின் மூளை. வீதி முனையில் தேர் திரும்பும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஏன்? நேராக ஓடுவது எளிது, திரும்புவது கடினம் என்பது இயந்திரவியலின் முதற்பாடம். அந்தப் பாடம் அங்கே வீதியிலேயே நடக்கிறது.

இன்னும் தெற்கே போனால் அச்சிறுபாக்கம். மழை மலை மாதா திருத்தலத்துக்குப் போய் வந்த நம்மில் பலர் அவ்வூர்ப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இங்கே அச்சு இற்று நின்றது என்பது தலபுராணம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். தெய்வத்தின் தேரே ஆனாலும் அச்சு சரியில்லாவிட்டால் நின்றுவிடும் என்று ஓர் ஊரின் பெயரே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வள்ளுவரும் பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு இன்றியமையாதது என்று எடுத்துக்காட்டினார் அல்லவா?

இவை பெரியவர்களின் வண்டிகள். நம் கடற்கரையோரச் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கோ கோடையில் நுங்கு வண்டி இருக்கிறது. நுங்கைத் தின்றபின் இரண்டு கூந்தலை ஒரு குச்சியில் செருகி, கவையுள்ள நீண்ட கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். காசு செலவில்லாத இந்த வண்டி, ஜிகினாத் தாள் சுற்றிய காரைவிட உயர்ந்த மாதிரி என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் அது ஓடுகிறது. அது மட்டுமா? குச்சி இரண்டு சக்கரங்களையும் இறுகப் பிடித்திருந்தால், திரும்பும்போது ஒரு சக்கரம் தரையில் இழுபடும். துளை சற்றுத் தளர்ந்து சக்கரங்கள் தனித்தனியே சுழன்றால் வண்டி எளிதாகத் திரும்பும். இந்த வேறுபாட்டைக் கையால் உணர்ந்த பிள்ளை, மோட்டார் வாகனத்தின் மிக நுட்பமான உறுப்பு ஒன்றின் வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஓர் ஆட்டோவைப் படைப்போம்

ஓடும் மாதிரியை வடிவமைப்பது எப்படிப்பட்ட வேலை என்று விளக்க ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தின் வாசலில் நாம் தினமும் காணும் ஆட்டோவையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் செய்ய வேண்டியது சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது. மற்ற எல்லாவற்றையும் கட்டைகளால் கட்டிக்கொள்ளலாம். டயரை மட்டும் பெட்டியில் உள்ளபடியே ஏற்க வேண்டும். ஆகவே டயரே அளவை நிர்ணயிக்கிறது. ஆட்டோவின் டயர் ஏறத்தாழ 40 செ.மீ. விட்டம் உடையது. நம்மிடம் உள்ள டயர் 4 செ.மீ. என்றால் நம் மாதிரி பத்தில் ஒரு பங்கு. ஆட்டோ ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம்; ஆகவே மாதிரி 26 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம். லெகோ கட்டையில் ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் 8 மி.மீ. தூரம். 13 செ.மீ. என்றால் ஏறத்தாழ 16 குமிழ். கணக்கு வகுப்பில் விகிதம் எதற்கு என்று கேட்ட தங்கைகளுக்கு விடை இதோ கிடைத்துவிட்டது.

அடுத்தது பின் அச்சு. ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். ஆகவே கைப்பிடியோடு அதைத் திருப்பிவிடலாம். பின்னால் இரண்டு சக்கரங்கள். இன்ஜின் சுழற்றுவது அவற்றைத்தான். வண்டி செங்கோணமாக ஒரு முனையில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். எவ்வளவு அதிகம்? நம் மாதிரியில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெரிய வளைவானாலும் சிறிய வளைவானாலும் வேறுபாடு 15.7 செ.மீ. தான். நம் சக்கரத்தின் சுற்றளவு 12.6 செ.மீ. ஆகவே வெளிச்சக்கரம் ஒன்றேகால் சுற்று கூடுதலாகச் சுழல வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் இது முடியாது. நுங்கு வண்டியில் கண்டது போல ஒன்று இழுபடும். மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை; அச்சு நிலையாக இருக்க, சக்கரங்கள் மட்டும் தனித்தனியே சுழல்கின்றன. மாடு முன்னால் இழுக்கிறதே தவிர அச்சைச் சுழற்றுவதில்லை. மோட்டார் வண்டியில் அச்சையே சுழற்ற வேண்டும்; ஆனால் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே முடித்துத் தருவதே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டு. லெகோ பெட்டிகளில் 1980-இல் அது வந்தது. புத்தகத்தில் படம் பார்த்து அதைப் புரிந்துகொள்வது அரிது. கையில் வைத்து ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரம் சுழல்வதைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனி வேகம். பொம்மை மோட்டார் மிக விரைவாகச் சுழலும். ஆனால் வலு குறைவு. 8 பல் உள்ள சிறு சக்கரத்தை மோட்டாரிலும் 24 பல் உள்ள பெரிய சக்கரத்தை அடுத்த அச்சிலும் பொருத்தினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். வலு ஏறத்தாழ மூன்று மடங்காகும். இதே ஏற்பாட்டை இரண்டு முறை அடுக்கினால் வேகம் ஒன்பதில் ஒரு பங்கு. உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நாம் கொஞ்சம் வலுவை விலையாகக் கொடுக்கிறோம். பின்னோக்கிப் போக வேண்டுமா? இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவது ஒன்றைச் செருகினால் கடைசிச் சக்கரம் சுழலும் திசை மாறிவிடும். ரிவர்ஸ் கியர் என்பதன் கருத்து இவ்வளவே.

இந்தப் பற்சக்கரங்களை எங்கே பொருத்துவது? இங்கேதான் கட்டையின் கணக்கு அழகாக வருகிறது. 8 பல் சக்கரத்தின் விட்டம் பல்லின் நடுக்கோட்டில் 8 மி.மீ.; 24 பல் சக்கரத்துக்கு 24 மி.மீ. இரண்டும் கடித்துச் சுழல மையங்களுக்கு இடையே 16 மி.மீ. வேண்டும், அது சரியாக இரண்டு குமிழ் தூரம். படுக்கை வாட்டத்தில் இது எளிது. நெட்டு வாட்டத்தில் சிக்கல் இருக்கிறது. ஏனெனில் கட்டையின் உயரம் 8 மி.மீ. அன்று, 9.6 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துளைக் கட்டைகளை வைத்தால் துளைகளுக்கு இடையே 9.6 மி.மீ. வரும், மூன்று வைத்தால் முதலுக்கும் மூன்றாவதற்கும் 19.2 மி.மீ. வரும். நமக்கு வேண்டிய 16 மி.மீ. எங்கும் வராது. வழி என்ன? கட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள மெல்லிய தகட்டுக் கட்டைகள், ஒவ்வொன்றும் 3.2 மி.மீ., பெட்டியில் இருக்கின்றன. இரண்டு துளைக் கட்டைகளுக்கு நடுவே இரண்டு தகடுகளை வையுங்கள். 9.6-ஓடு 6.4 சேர்ந்தால் 16! இதை யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மகிழ்ச்சிக்கு அது குறைந்ததா?

கடைசியில் உருவம். மஞ்சள் நிற உடல், கறுப்புக் கூரை, முன்கண்ணாடி, ஓட்டுநர் இருக்கை எல்லாம் வேண்டும். ஆனால் உள்ளே மோட்டாரும் டிஃபரன்ஷியலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அழகுக்கும் இயக்கத்துக்கும் இடத்துக்காகச் சண்டை வருகிறது. உண்மையான ஆட்டோவைச் செய்தவரும் இதே சண்டையைத்தான் தீர்த்தார். பயணிகளின் இருக்கைக்கு அடியிலும் பின்னாலும் உள்ள இடத்தில் அவர் இன்ஜினை வைத்தார். நாமும் அங்கேயே வைத்தால் மாதிரி உண்மைக்கு நெருங்கி வரும். கனமான பேட்டரியை உயரத்தில் வைத்தால் மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் கவிழும். ஆகவே தாழ்வாக, பின் அச்சுக்கு அருகில் வைக்க வேண்டும். அசல் வண்டியை ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு, மாதிரியைச் செய்தவளுக்கே விடை தெரியும்.

பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து 1, 2, 3 என்று அடுக்குவதை நாங்கள் வடிவமைப்பு என்று சொல்லவில்லை. அது எழுத்துக் கூட்டிப் படிப்பது போன்றது; தொடக்கத்துக்குத் தேவை. புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் போகும் வண்டியைப் பார்த்துச் செய்வதே கட்டுரை எழுதுவது.

யாருக்கு இந்தப் பெட்டி?

இப்போது எங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பிறந்தநாள் வந்தால் தம்பிக்குக் கட்டைப் பெட்டியும் காரும் கிடைக்கின்றன. அக்காவுக்குச் செப்புச் சாமானும் பொம்மையும் கிடைக்கின்றன. அக்கா தம்பியின் பெட்டியைத் தொட்டால், "அது பையன் சாமான்" என்று பாட்டி சொல்லிவிடுகிறார். செப்புச் சாமானை நாங்கள் இகழவில்லை. சோறு சமைப்பது உயர்ந்த கலை. ஆனால் தேர் ஓடும் முன்பே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது முறையா என்று கேட்கிறோம்.

இந்தப் பழக்கம் நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. ஹார்ன்பி தம் மகன்களுக்காகவே மெக்கானோவைச் செய்தார். சிறுவர்களுக்கான பொறியியல் என்றே அதை விளம்பரம் செய்தார்கள். ஆனால் 1974-இல் லெகோ நிறுவனம் தன் பெட்டிகளில் பெற்றோருக்கு ஒரு கடிதம் வைத்தது. படைக்கும் ஆவல் ஆண் பெண் இரு பாலாருக்கும் சமமாக உண்டு. பையன்களுக்குப் பொம்மை வீடும் பெண்களுக்கு விண்கலமும் பிடிக்கலாம். வேண்டியதைச் செய்ய விடுங்கள் என்பது அதன் கருத்து. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்பும் நாம் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவில்லை போலும்!

நம் நாட்டுப் பெண்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் ஏ. லலிதா என்ற இளம் விதவை, கைக்குழந்தைக்குத் தாயாக இருந்துகொண்டே மின்பொறியியல் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். அவருடைய சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்ததாம்; அதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதித் தந்தார்கள். 1974-இல் மோட்டார் வாகனங்கள் செய்யும் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டா என்று கண்ட சுதா மூர்த்தி, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதினார், வேலையும் பெற்றார். 2011-இல் வெளிவந்து நாடெங்கும் ஓடிய மஹிந்திரா எக்ஸ்யூவி 500 காரின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராம்கிருபா அனந்தன் என்ற பெண்மணி. அவர் இயந்திரப் பொறியியல் படித்தவர்.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று எண்ண வேண்டாம். செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் உருவாகின்றன. அங்கேயே 2012-இல் மஹிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமும் திறக்கப்பட்டது. நம் ரயில் வண்டி தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறது. அந்த வாசலுக்குள் நம் பெண்கள் எந்த வேலைக்குப் போகப் போகிறார்கள்? பிறர் வரைந்த வண்டியில் திருகு முடுக்குவதற்கு மட்டுமா, வண்டியையே வரைவதற்கா? விடையின் ஒரு பகுதி பத்து வயதில் அவள் கையில் என்ன இருந்தது என்பதில் அடங்கியிருக்கிறது.

மறுப்புகளும் விடையும்

விலை அதிகம் என்று பெற்றோர் சொல்வர். உண்மையே. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. பற்சக்கரமும் டிஃபரன்ஷியலும் உள்ள அயல்நாட்டுப் பெட்டியை வாங்குவது நம்மில் பெரும்பாலோருக்கு இயலாது. மீனவர் வீட்டுப் பிள்ளையும் செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளையும் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் வீட்டுக்கு ஒரு பெட்டி என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கு ஒன்றிரண்டு பெட்டி போதும். நூலகப் புத்தகம் போல அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் கேடு என்பர் சிலர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைதான் கடற்கரையைக் கெடுக்கிறது. கட்டையோ எறியும் பொருளன்று. 1958-க்குப் பின் வந்த கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்துகின்றன. அக்கா விளையாடியதைத் தங்கையும், தங்கையின் மகளும் கலைத்து மீண்டும் கட்டலாம். கண்காட்சி முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகும் தெர்மாகோலை எண்ணிப் பாருங்கள்!

பொதுத் தேர்வு இருக்கும்போது விளையாட்டா என்பது மூன்றாவது மறுப்பு. விகிதம், சுற்றளவு, திருப்புவிசை, உராய்வு, ஈர்ப்பு மையம் ஆகிய இத்தனையும் ஓர் ஆட்டோவில் வந்துவிட்டன. மனப்பாடம் செய்த வரையறை தேர்வு முடிந்ததும் பறந்துவிடும். கவிழ்ந்த வண்டியைத் தானே நிமிர்த்திய பிள்ளைக்கு ஈர்ப்பு மையம் ஆயுளுக்கும் மறவாது.

மூன்று வேண்டுகோள்

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, அருட்சகோதரியருக்கும் ஆசிரியைகளுக்கும். அறிவியல் கண்காட்சியில் மதிப்பெண்ணில் பாதியை இயக்கத்துக்கு ஒதுக்குங்கள். வண்டி என்றால் ஓட வேண்டும், பாலம் என்றால் பாரம் தாங்க வேண்டும், கிணறு என்றால் நீர் இறைக்க வேண்டும். நடுவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். நின்றுபோன மாதிரியைக் கொண்டுவந்தவளிடம், "ஏன் நின்றது?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அவளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். அச்சு முறிந்ததும் ஓர் அறிவே. அச்சிறுபாக்கம் அந்தப் பெயரால்தானே புகழ் பெற்றது!

இரண்டாவது, பெற்றோருக்கு. வீட்டில் கட்டைப் பெட்டி இருந்தால் அது தம்பிக்கும் அக்காவுக்கும் பொது என்று சொல்லிவிடுங்கள். தம்பி வளர்ந்துவிட்டால் பரணில் போடாமல் பள்ளிக்குக் கொடுங்கள். பெட்டி இல்லாவிட்டால் பழுதான பொம்மையின் மோட்டாரையும், பழைய கடிகாரத்தின் பற்சக்கரங்களையும், சைக்கிள் கடைக்காரர் எறியும் உதிரிகளையும் பிள்ளைக்குத் தாருங்கள். கோடையில் ஒரு நுங்கு வண்டி செய்து கொடுங்கள். அதைவிட, அவளே செய்ய விடுங்கள். கையில் கறை படியும், பாவாடையில் எண்ணெய் தெறிக்கும். தயவுசெய்து அதற்காகத் திட்ட வேண்டாம்.

மூன்றாவது, தோழியருக்கும் தங்கைகளுக்கும். ஆட்டோவிலும் பேருந்திலும் ஏறி இறங்குவதோடு நிற்காமல், கீழே குனிந்து பாருங்கள். சக்கரம் எதனோடு இணைந்திருக்கிறது, எது எதைச் சுழற்றுகிறது என்று கேளுங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். பிறகு வீட்டுக்கு வந்து, கிடைத்ததைக் கொண்டு செய்து பாருங்கள். முதல் வண்டி ஓடாது. இரண்டாவது கோணலாக ஓடும். மூன்றாவது நேராக ஓடி, திரும்பும்போது கவிழும். நான்காவது திரும்பும்.

செங்கல்பட்டு என்ற பெயரில் செங்கல் இருப்பது தற்செயலே. செங்கழுநீர்ப்பட்டு என்பதே பழைய பெயர் என்று ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒரு கட்டையின் மேல் மறு கட்டையை வைத்துப் புதியதொன்றைப் படைக்கும் ஆவல் இந்த ஊர்ப் பெண்களுக்கு இருக்கிறது. மாமல்லபுரத்துக் கல் ரதங்கள் அவ்விடத்திலேயே அசையாமல் நின்று அழகு காட்டட்டும். அதற்காகவே அவற்றைச் செய்தார்கள். நம் பெண்கள் செய்யும் வண்டிகள் ஓடட்டும்; முறியட்டும்; மீண்டும் ஓடட்டும்!